ஆளித் துறையின் வேகமும் போக்கும்

கணினிகளைப் பிணைக்கும் ஈதர்நெற் ஆளியின் ஒவ்வொரு துறைக்கும் இரு அமைப்புக்கள் உள. ஒன்று வேகம், அது பொதுவாக நொடிக்கு 10, 100 அல்லது 1000 மெகாபிற்று. மற்றையது போக்கு. ஒடுங்கிய பாலத்தில் ஒரு வண்டி வர மற்றது காத்து நிற்பது போன்றது அரை இருவழி; அகன்ற வீதியில் இரு திசையிலும் ஒருங்கே செல்வது போன்றது முழு இருவழி.

பழைய நகர் 1980களில் விக்டோரியா நீர்த்தேக்கத்துள் அமிழ, மேட்டில் எழுந்தது புதிய தெல்தெனிய. அங்கு ஒரு பாடசாலையின் கணினிக் கூடத்தில் நாம் கண்டது இது. சிறு சோதனைச் செய்தி செவ்வனே சென்றது; பெரிய கோப்போ ஊர்ந்தது. மாணவர் தம் செயற்றிட்டங்களைச் சேமிக்க இயலாது ஒரு தவணை முழுதும் வருந்தினர். புதிய கணினிகள் வாங்கவும் பேச்செழுந்தது.

குறை கணினியில் இல்லை. சேவையகத்தின் முனை 100, முழு இருவழி எனக் கையால் நிலைப்படுத்தப்பட்டிருந்தது. ஆளியின் துறையோ தானியங்கு இணக்கத்தில் இருந்தது. 1995ஆம் ஆண்டின் நியமப்படி, மறுமுனை இணக்கம் பேசாதவிடத்து ஆளி வேகத்தைக் குறிகையால் உணரும். போக்கை உணர வழியின்மையால் அரை இருவழியையே கொள்ளும். எனவே, தான் அனுப்பும்போது எதிரே தரவு வரின் அதனை மோதலெனக் கருதி இடையில் நிறுத்தும். முறிந்த சட்டகங்கள் மறுமுனையிற் பிழையாகக் குவியும்.

ஆதலின் இரு முனைகளையும் தானியங்கு நிலையில் விடுக. அன்றேல் இரண்டிலும் ஒரே வேகத்தையும் ஒரே போக்கையும் பதிக. செப்புக் கம்பியில் 1000 மெகாபிற்று இணைப்புக்குத் தானியங்கு இணக்கம் இன்றியமையாதது. பின்னர், பிந்திய மோதல்களின் எண்ணிக்கை ஏறாதிருத்தலை ஆளியிற் பார்த்து உறுதி செய்க.

நாம் ஆளியின் துறையையும் முழு இருவழியாக்கினோம், கோப்புக்கள் விரைந்தன. பணம் செலவிடுமுன் இரு முனையையும் ஒருங்கே நோக்குதல் நன்று.