பிடிக்காததும் ஒவ்வாததும்

அன்னை மைமூனா (ரலி) அவர்களின் இல்லத்தில் ஒருநாள் சுட்ட உடும்பு வைக்கப்பட்டது. நபி (ஸல்) அவர்கள் கையை நீட்டியபோது, அது இன்னதென்று அங்கிருந்த பெண்கள் தெரிவிக்கவே, கையை எடுத்துக் கொண்டார்கள். ‘இது ஹராமா?’ என்று காலித் பின் வலீத் (ரலி) அவர்கள் கேட்க, ஹராமல்ல, தம் சமூகத்தாரின் பூமியில் இல்லாததால் மனம் ஒப்பவில்லை என்ற கருத்தில் விடையளித்தார்கள். காலித் (ரலி) அவர்கள் அதைத் தம் பக்கம் இழுத்து உண்டார்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் வரும் இந்த ஹதீஸை உடும்பின் சட்டத்திற்காகவே மதரஸாக்களில் ஓதுகிறோம். (ஹனஃபி மத்ஹபில் அது மக்ரூஹ் என்பது தனி விஷயம்.) ஆனால் ஹலாலான உணவையும் ஒருவர் வேண்டாமென்று விடலாம், அவரை யாரும் வற்புறுத்தக் கூடாது என்பதும் இதில் இருக்கிறது.

ருசி நாவோடு முடிவதில்லை. இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு, இறைச்சிச் சாற்றில் உள்ள ஐந்தாம் சுவை ஆகியவற்றைத்தான் நாக்கு அறியும். ஏலம், பட்டையின் மணமெல்லாம் மூக்கின் வேலை. சளி பிடித்தவருக்குப் பிரியாணியும் சப்பென்றிருப்பது அதனால்தான். 1931-இல் ஆர்தர் ஃபாக்ஸ் என்ற அமெரிக்க இரசாயனியின் ஆய்வுக்கூடத்தில் ஒரு பொடி காற்றில் பறந்தது. உடனிருந்தவர் கசக்கிறது என்றார். ஃபாக்ஸுக்கோ ஒரு சுவையும் தெரியவில்லை. இது பிறவியிலேயே அமைந்த வேறுபாடு என்று பின்னர் தெளிவாயிற்று. ஆகவே, பிள்ளை ‘கசக்குது’ என்றால், நிஃமத்தைப் பழிக்கிறான் என்று தாய்மார்கள் அதட்ட வேண்டாம்.

ஒவ்வாமை இதைவிடப் பாரதூரமானது. இறால் ஒருவருக்கு மிகவும் பிடிக்கலாம். அவர் உடலோ அதிலுள்ள புரதத்தைப் பகைவன் என்று எண்ணி எதிர்க்கும். உதடு வீங்கும், தோல் தடிக்கும், சிலருக்குத் தொண்டை அடைத்து உயிரே போகும். வேகவைப்பதால் அந்தப் புரதம் அழிவதில்லை. ‘பிஸ்மி சொல்லிச் சாப்பிடு, ஒன்றும் ஆகாது’ என்கிறார்களே, பிஸ்மி பரக்கத்துக்கு உரியது. தெரிந்த தீங்கை வாயில் போட அனுமதிச் சீட்டல்ல. இறால் பற்றிய மத்ஹபு விவாதமும் இங்கே தேவையில்லை. தீங்கு உறுதியானவருக்கு அது கூடாது, அவ்வளவுதான்.

வலீமாவில் நாலு பேர் ஒரே ஸஹனில் அமரும்போது ஆணத்தின் ஒரு துளி போதும். அத்தகையவருக்குத் தனித் தட்டும் தனிக் கரண்டியும் வைப்பது ஒதுக்குவதாகாது. மூச்சுத் திணறினால் உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள். அங்கே போடும் அட்ரினலின் ஊசிதான் முதல் சிகிச்சை. ஓதி ஊதுவதை வண்டியில் போகும்போதே செய்து கொள்ளலாம்.