பண்டிகைப் பலகாரமும் ஒவ்வாமையுள்ள பிள்ளைகளும்

நத்தார் நெருங்கும்போது எமது கிராமங்களில் அடுப்படிகள் சுறுசுறுப்படைகின்றன. கேக் அடிப்பதற்கு முட்டை சேர்க்கிறோம், றவை வறுக்கிறோம், கஜு வெட்டுகிறோம். அது முடியத் தைப்பொங்கல் வந்துவிடும், பின்னர் சித்திரை வருடப்பிறப்பு. ஒரு வீட்டுப் பலகாரத் தட்டு மறுவீட்டுக்குப் போவதும், அது வெறுந்தட்டாகத் திரும்பாமல் அந்த வீட்டுப் பலகாரத்தோடு வருவதும் நாம் பெருமைப்படும் வழக்கம். இந்தப் பாடம் அந்தத் தட்டைக் கண்டு பயப்படும் சில தாய்மாரைப் பற்றியது.

மூன்று ஆண்டுகளுக்கு முன்னர் நாம் நடத்திய ஒளிவிழாவில் நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறோம். பிழை எம்முடையது. கஜு ஒத்துக்கொள்ளாத ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி எமது ஞாயிறு பாடசாலையில் இருந்தாள். “பிள்ளைக்குக் கஜு பட்டாலே வருத்தம் வரும், கவனியுங்கோ” என்று தாயார் ஒக்டோபர் மாதமே சொல்லிவிட்டார். “அவவுக்கு வேற பாசல் தருவம்” என்று நாமும் சொன்னோம். விழா நாளில் அறுபது பைகள் கட்டும் அவசரத்தில் அது மறந்துபோயிற்று. எல்லாப் பையிலும் ஒரு துண்டு கேக், ஒரு பால் ரொபி, ஒரு பிடி முறுக்கு. சிறுமி கெட்டிக்காரி. கேக்கையும் ரொபியையும் தம்பியிடம் கொடுத்துவிட்டு முறுக்கை மட்டுமே சாப்பிட்டாள். கேக்கிலிருந்து உதிர்ந்த தூள் முறுக்கில் ஒட்டியிருக்கும் என்பதை அவளோ நாமோ எண்ணிப் பார்க்கவில்லை.

பத்து நிமிடத்துக்குள் உதடு தடித்தது, சத்தி எடுத்தாள், பிறகு இருமல். ஒருவர் பிரிற்றன் குளிசை கொடுத்தார். பொறுத்துப் பார்ப்போம் என்று கதிரையில் இருத்தி விசிறிக்கொண்டு நின்றோம். குரல் அடைத்த பிறகுதான் ஓட்டோ பிடித்தோம். வைத்தியசாலையில் தொடையில் அட்ரினலின் ஊசி போட்டார்கள்; பிள்ளை பிழைத்தாள். அடுத்த ஆண்டு ஒளிவிழாவுக்கு அவள் வரவில்லை. தாயார் எம்மிடம் ஒரு சொல்லும் குறையாகச் சொல்லவில்லை. அதுதான் எம்மைக் கூடுதலாகச் சுட்டது.

ஒவ்வாமை என்றால் என்ன என்பதில் எம்மிடையே நிறையக் குழப்பம் உண்டு. பால் குடித்தால் சிலருக்கு வயிறு ஊதி வயிற்றோட்டம் போகும். பாலிலுள்ள சீனி செமிக்காததால் வரும் தொல்லை அது, உயிருக்கு ஆபத்தில்லை. ஒவ்வாமை வேறு. நோய்க்கிருமியை எதிர்க்க வேண்டிய உடலின் காவல், ஓர் உணவிலுள்ள புரதத்தைப் பகைவன் என்று தவறாக எண்ணிப் போருக்கு எழுகிறது. அதனால்தான் அளவு இங்கே பெரிய பொருட்டல்ல. சிலருக்கு ஒரு துணுக்கே போதும். பொரிப்பதாலும் வறுப்பதாலும் கஜு, கச்சான் போன்றவற்றின் புரதம் அழிந்துவிடாது. பால், முட்டை, கச்சான், கஜு முதலிய பருப்புகள், கோதுமை, சோயா, மீன், இறால், நண்டு, எள் ஆகியவையே உலகெங்கும் பெரும்பாலும் காரணமாகின்றன. இலங்கைச் சிறுவர்களில் பசுப்பாலும் மாட்டிறைச்சியும் கடும் ஒவ்வாமை தந்ததை மருத்துவர்கள் பதிவுசெய்துள்ளனர்.

இனி எமது பலகாரங்களைப் பார்ப்போம். றிச் கேக்கிலும் லவ் கேக்கிலும் முட்டை, றவை, கஜு மூன்றும் உண்டு. றவை என்பது கோதுமைதான் என்பதைப் பலர் மறந்துவிடுகிறோம். கேக்கின்மேல் ‘அல்மண்ட்’ என்று பூசப்படுவது எமது நாட்டில் பெரும்பாலும் கஜுவை அரைத்துச் செய்வது. பெயரை நம்பி ஏமாறக் கூடாது. மஸ்கற்றில் கோதுமையும் கஜுவும், பால் ரொபியில் தகரப்பாலும் பல வீடுகளில் கஜுவும் இருக்கும். அரியதரத்தில் எள் சேர்ப்போரும் உண்டு. கொக்கிஸ் மாவுக்குச் சிலர் முட்டை அடித்து ஊற்றுவார்கள், சிலர் ஊற்றமாட்டார்கள். ஆகவே “கொக்கிஸ் தானே” என்று சொல்லிக் கொடுக்க முடியாது, சுட்டவரைக் கேட்கவேண்டும். செக்கில் ஆட்டிய நல்லெண்ணெயில் எள்ளின் புரதம் இருக்கும் என்பதும் நினைவிருக்கட்டும். மாறாக, அரிசிமா, பயறு, தேங்காய்ப்பூ, சர்க்கரை கொண்டு அவிக்கும் மோதகமும், கஜு போடாத தொதலும் இத்தகைய பிள்ளைகளிற் பலருக்கு ஏற்றவை. அந்தந்தப் பிள்ளைக்கு எது ஆகாது என்பதைத் தாயிடம் அறிந்தே கொடுக்க வேண்டும்.

பலகாரத்தில் சேர்த்த பொருளை மட்டும் பார்த்தாற் போதாது. கச்சான் இடித்த உரலை வெறுமனே தட்டிவிட்டு அதிலேயே பயறு இடிக்கிறோம். ஒரே தாச்சி எண்ணெயில் முதலில் கச்சான், பிறகு முறுக்கு. கேக் வெட்டிய கத்தியாலேயே தொதலும் வெட்டுகிறோம். இதற்குப் பெரிய செலவு ஒன்றும் வேண்டாம். ஒவ்வாமையுள்ள பிள்ளைக்கான பலகாரத்தை அன்றைய முதல் வேலையாக, கழுவிய பாத்திரத்தில், புது எண்ணெயில் சுட்டு, மூடியுள்ள தனிப் பேணியில் எடுத்து வைத்துவிட்டால் போதும். மீந்த எண்ணெயில் மற்றவற்றைச் சுடலாம். கைகளைச் சவர்க்காரம் போட்டுக் கழுவவேண்டும். கொரோனாக் காலத்தில் பழகிய கைதடவும் மருந்து கிருமியைக் கொல்லுமே தவிரக் கச்சானின் புரதத்தை அகற்றாது. வெறும் தண்ணீரும் போதாது.

கடைப் பண்டங்களில் லேபலை ஒவ்வொரு முறையும் வாசிக்கவேண்டும். சென்ற ஆண்டு வாங்கிய அதே விசுக்கோத்தின் சேர்மானம் இந்த ஆண்டு மாறியிருக்கலாம். பெட்டிக்கடையில் போத்தலில் போட்டு விற்கும் லேபல் இல்லாத இனிப்பைத் தவிர்ப்பதே நல்லது.

விழாவில் பை கொடுப்பதைப் பற்றி நாம் பட்டுத் தெளிந்த ஒன்றைச் சொல்லவேண்டும். ஒரு பிள்ளைக்கு மட்டும் ‘வேறு பை’ என்று வைத்தால் இரண்டு கேடுகள் உண்டு. அவசரத்தில் அது மாறிப்போகும். மாறாவிட்டாலும், எல்லாப் பிள்ளைகளும் பார்க்கத் தனியாக ஒன்றை வாங்கும் பிள்ளை கூசிப்போகிறது. ஆகவே கடந்த நத்தாருக்கு எல்லாப் பைகளையும் ஒரே மாதிரிக் கட்டினோம். கஜுவும் கச்சானும் இல்லாத முறுக்கு, ஒரு தோடம்பழம், ஒரு வர்ணப் பென்சில் பெட்டி. கஜு இல்லாமல் என்ன நத்தார் என்று மூத்தவர்கள் சிலர் முணுமுணுத்தார்கள். வீட்டில் வேண்டிய அளவு சாப்பிடட்டும். அந்தச் சிறுமி வந்திருந்தாள். பையை வாங்கித் தாயாரிடம் காட்டினாள். தாயார் பிரித்துப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

எவ்வளவு கவனித்தாலும் தவறு நேரலாம். அறிகுறிகள் பெரும்பாலும் சில நிமிடங்களிலும், அநேகமாக இரண்டு மணித்தியாலத்துக்குள்ளும் தோன்றும். தோலில் தடிப்பும் கடியும் மட்டுமென்றால் பிள்ளையை விட்டகலாமல் கவனிக்கவேண்டும். ஆனால் மூச்சு இழுத்தல், விடாத இருமல், குரல் அடைத்தல், நாக்குத் தடித்தல், திரும்பத் திரும்பச் சத்தி, மயங்கிச் சோர்தல் ஆகியவற்றுள் ஒன்று வந்தாலும் அது அவசரம். தோலில் ஒன்றுமே தெரியாமலும் இவை வரலாம். உடனே 1990 சுவசெரிய அம்புலன்சை அழையுங்கள், அது வரப் பிந்துமானால் கிடைத்த வாகனத்தில் புறப்படுங்கள். பிள்ளையைப் படுக்கவைத்துக் கால்களை உயர்த்துங்கள். மூச்சுத் திணறினால் இருத்தி வைக்கலாம். எழுப்பி நடக்கவிடக் கூடாது. சத்தி எடுத்தால் பக்கவாட்டாகக் கிடத்துங்கள். மருத்துவர் அட்ரினலின் ஊசி தந்து பழக்கியிருந்தால் தொடையின் வெளிப்புற நடுவில் தாமதிக்காமல் போடவேண்டும். பிரிற்றன் கடியைக் குறைக்கும். மூச்சு அடைப்பதையும் இரத்த அழுத்தம் விழுவதையும் அது நிறுத்தாது. நாம் அன்று இழந்த நேரம் அதை நம்பி இழந்ததுதான். பிள்ளை தெளிந்ததும் வீட்டுக்குக் கூட்டிவர அவசரப்படவும் வேண்டாம். சில மணித்தியாலங்களின் பின் மீண்டும் வரலாம் என்பதால் மருத்துவர்கள் வைத்துப் பார்ப்பார்கள். தொய்வு உள்ள பிள்ளைகளில் இவை கடுமையாகலாம்.

வீட்டுப் பெரியவர்களோடு பேசுவதுதான் பலருக்குக் கடினம். “ஒரு துண்டு திண்டா ஒண்டும் செய்யாது, பிள்ளை ஆசைப்படுது” என்று அம்மம்மா சொல்லும்போது மருமகளோ மகளோ எதிர்த்துப் பேச முடிவதில்லை. அம்மம்மாவின் அன்பில் குறையில்லை. கிளினிக்குக்குப் போகும்போது அவரையும் கூட்டிச் செல்லுங்கள். மருத்துவர் வாயால் கேட்டபின் அவரே காவலாளி ஆகிவிடுவதைக் கண்டிருக்கிறோம்.

இதற்கு மறுபுறமும் உண்டு. கிரந்தி என்று சொல்லி முட்டை, மீன், பால் எல்லாவற்றையும் பிள்ளையின் சாப்பாட்டிலிருந்து எடுத்துவிடும் வீடுகள் எம்மிடையே குறைவல்ல. ஒரு தடிப்பைக் கண்டதும் இப்படிச் செய்தால் பிள்ளை நிறை குறைந்து மெலியும். எதைச் சாப்பிட்டது, எவ்வளவு நேரத்தில் என்ன வந்தது என்று ஒரு கொப்பியில் எழுதி, குடும்பநல உத்தியோகத்தரிடமோ மருத்துவரிடமோ காட்டி உறுதிசெய்யவேண்டும். பயந்து பிற்போடுவது காப்பும் ஆகாது. 2015 இல் இலண்டனில் 640 குழந்தைகளை வைத்துச் செய்த ஆய்வு முடிவு வெளியானது. ஏற்கெனவே கரப்பன் அல்லது முட்டை ஒவ்வாமை இருந்த குழந்தைகள் அவர்கள். ஒரு வயதுக்கு முன்னரே கச்சான் கொடுக்கப்பட்டோரிடம், ஐந்து வயதில் கச்சான் ஒவ்வாமை மற்றவர்களைவிட மிகக் குறைவாகவே இருந்தது. அத்தகைய குழந்தைக்கு எப்போது தொடங்குவது என்பதை மருத்துவரிடம் கேளுங்கள். எந்தச் சிறு குழந்தைக்கும் முழுக் கச்சானை வாயில் கொடுக்கவேண்டாம், புரையேறும், அரைத்தே கொடுக்கவேண்டும்.

அடுத்த மாதர் சங்கக் கூட்டத்தில் இவற்றைப் பேசிப் பாருங்கள். உங்கள் ஞாயிறு பாடசாலையிலும் முன்பள்ளியிலும் எந்தப் பிள்ளைக்கு எது ஆகாது என்று எழுதிய கொப்பி இருக்கிறதா? அது யாருடைய கையில் இருக்கிறது? இரவு எட்டு மணிக்குக் கரோல் வரும் வீட்டில் ஒரு பிள்ளைக்கு மூச்சு முட்டினால், வாகனம் உள்ள மிகக் கிட்டிய வீடு எது?