ஒளி மருத்துவமும் அதன் தணிக்கையும்

மேனாட்டு மருத்துவர் சொரியாசிஸ் என்றும், சித்த மருத்துவர் காளாஞ்சகப்படை என்றும் வழங்கும் தோல்நோய் ஒன்றுண்டு. மேற்றோலின் அணுக்கள் முதிர்ந்து உதிர ஏறக்குறைய ஒரு திங்கள் ஆவது இயல்பு. இந்நோயிலோ அவை சின்னாளிலேயே பெருகித் தடித்துச் செதில்களாய் உதிரும். இது தொற்றுநோயன்று. எனினும் அருகிருப்போர் விலகி அமர்வர். இவ்விழிவு நீங்கவேண்டுமென 2014-ஆம் ஆண்டில் உலக சுகாதாரப் பேரவையும் தீர்மானித்தது.

ஒளி மருந்தாதலை நம் நாட்டார் பண்டே அறிவர். கார்போகரிசியைப் பூசி வெயிலிற் காய்தல் வெண்படைக்குரிய பழைய முறை. தோற்காசத்தை ஒளியால் ஆற்றிய டென்மார்க்கு நாட்டுப் பின்சன், 1903-ல் நோபெல் பரிசு பெற்றார். 1925-ல் அமெரிக்க மருத்துவர் கோக்கர்மன், நிலக்கரித் தாரும் புறஊதாக் கதிரும் சேர்த்துக் காளாஞ்சகத்தைத் தணித்தார். இக்காலத்து விளக்குகள் 311 நானோமீட்டர் அளவினதாகிய குறுகிய கதிரையே வீசுவன. வாரம் மும்முறையாக இருபது முதல் முப்பது முறை இவ்வொளியேற்றல் வழக்கம்.

அளவு குறையின் பயனில்லை; மிகின் தோல் வேகும். ஆதலின் தணிக்கை இன்றியமையாததாகும். தணிக்கையாளர் வினாக்கள் இவை: தொடங்குமுன் நோயாளிக்கு நன்மை தீமைகள் விளக்கப்பெற்றனவா? தோலின் தாங்கும் ஆற்றல் கண்டு முதலளவு குறிக்கப்பெற்றதா? கண்களுக்குக் காப்புண்டா? விளக்கின் வலிமை காலந்தோறும் அளக்கப்பெறுகின்றதா? ஒவ்வொரு முறையும் ஏற்றிய அளவு ஏட்டில் ஏறியதா? நோயின் பரப்பும் கடுமையும் முன்னும் பின்னும் அளக்கப்பெற்றனவா?

இவற்றோடு பிறிதொரு வினாவும் வேண்டும் என்பது நம் கருத்து. கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் முறைமாற்றி வேலை செய்யும் தொழிலாளி ஒருவரை எண்ணுவோம். அவர் தம் மாவட்டத் தலைநகராகிய திருவள்ளூருக்கு ரெயிலிற் செல்ல வேண்டின், சென்னைப்பக்கம் வந்தே வண்டி மாறவேண்டும். 2022-ல் திருவள்ளூரில் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பெற்றது. ஆயினும் வழி குறுகிற்றில்லை. விளக்கின்முன் நிற்பது சில நிமிடமே. போக்குவரவில் அரைநாள் கழியும். முப்பது முறைக்குப் பதினைந்து நாட் கூலி போம். பத்தாம் முறையோடு அவர் நின்றுவிட்டால் வியப்பென்னை?

நாற்பதின்மர் தொடங்கி, இருபத்து நால்வர் முடித்து, அவருள் பதினெண்மர் குணமுற்றனர் எனக் கொள்வோம். முடித்தவரையே எண்ணின் நூற்றுக்கு எழுபத்தைந்து வெற்றி. தொடங்கியவரை எண்ணின் நாற்பத்தைந்தே. முந்திய கணக்குப் பொய்யன்று. ஆயினும் வாராது நின்ற பதினாறு பேர் அதில் மறைகின்றனர். அவர் ஏன் நின்றார் என வினவின், மாலை வேளையிலும் விளக்கேற்றல், தொழிற்பேட்டைக்கு அருகில் ஒரு நிலையம் அமைத்தல் முதலிய வழிகள் தோன்றும். வினவாவிடின் விளக்கின்மீது குறையில்லை என்றே ஏடு கூறும்.

'தணிக்கை' என்னுஞ் சொல் பிறமொழி வழியாகத் தமிழிற் புகுந்தது. 'தணி' என்னும் நம் பகுதியினின்று பிறந்ததன்று. ஆயினும் செவிக்கு அவ்வுறவு தோன்றவே செய்கின்றது. கணக்கை ஆராய்வதோடு அமையாது, நோயையும் தணிக்குமாயின், அப்பெயர் தமிழிலும் பொருந்துவதாகும்.