இளம் கேட்சரை வெச்சுக்கணுமா, வித்துடணுமா? ஒரு பேஸ்பால் டிரேடில் இருக்கும் முதலீட்டுப் பாடம்



"40 சதவீதம் லாபத்துல இருக்கு, வித்துடட்டுமா?" "25 சதவீதம் நஷ்டத்துல இருக்கு, வெச்சிருக்கட்டுமா?" நம்ம சேனல் கமெண்ட்ல வாரம் தவறாம வர்ற கேள்விகள் இவை. ரெண்டுலயும் ஒரே தப்பு இருக்கு. வாங்கின விலையைப் பத்தியே பேசுறோம். இனிமே அந்தச் சொத்து என்ன தரும்னு கேட்கிறதே இல்ல.

இந்தக் கேள்வியை எப்படிக் கேட்கணும்னு கத்துக்க நான் பார்த்த நல்ல இடம், அமெரிக்காவோட மேஜர் லீக் பேஸ்பால். அங்க ஒரு டீம்கிட்ட திறமையான இளம் கேட்சர் இருந்தா, வருஷா வருஷம் ஒரே விவாதம்: வெச்சுக்கலாமா, வேற டீமுக்குக் கொடுத்துட்டு வேற ஆளை வாங்கலாமா? பேஸ்பால் தெரியாதுன்னா கவலைப்படாதீங்க. தேவையானதை மட்டும் சொல்றேன்.

கேட்சர்னா யாரு?

நம்ம ஊரு விக்கெட் கீப்பர் மாதிரின்னு வெச்சுக்கோங்க. பிட்சர் எறியுற பந்தை, பேட்டருக்குப் பின்னாடி குந்தி உட்கார்ந்து பிடிக்கணும். ஒரு மேட்ச்ல நூறு பந்துக்கு மேல வரும். ஒரு சீசனுக்கு 162 மேட்ச். முட்டி, இடுப்பு எல்லாம் தேயும். அதனால கேட்சர் என்பவர் சீக்கிரம் தேய்மானம் ஆகிற சொத்து.

அவரோட வேலையில ஒரு நுணுக்கம் இருக்கு. ஓரமா வர்ற பந்தை, அம்பயர் 'ஸ்ட்ரைக்'னு சொல்ற மாதிரி அழகா வாங்குறது. இதுக்குப் பேரு ஃபிரேமிங். ஸ்கோர்போர்டுல இது தெரியாது. ஆனா சீசன் முடிவுல பல ரன்களை மிச்சப்படுத்தும்.

ஆறு வருஷ 'பாண்டு'

ஒரு இளம் வீரர் மேஜர் லீக்ல நுழைஞ்சா, ஏறக்குறைய ஆறு வருஷம் அவர் அந்த டீமோட கட்டுப்பாட்டுல இருப்பார். முதல் மூணு வருஷம் பெரும்பாலும் குறைந்தபட்ச சம்பளத்தை ஒட்டித்தான் வாங்குவார். 2023ல அது 7,20,000 டாலர். அடுத்த மூணு வருஷம் நடுவர் தீர்ப்பு முறையில சம்பளம் ஏறும். ஆறு வருஷம் முடிஞ்சாத்தான் யார்கிட்ட வேணும்னாலும் போய் மார்க்கெட் விலை கேட்கலாம்.

ஐ.டி. கம்பெனியில சேரும்போது கையெழுத்து போட்ட பாண்டு ஞாபகம் வருதா? அதேதான், கொஞ்சம் நீளமா.

அதனால டீமுக்கு ஒரு இளம் கேட்சரோட மதிப்பு இப்படி:

மீதி இருக்கிற வருஷங்களில் அவர் தரப்போகிற வேலையின் மதிப்பு, கழித்தல் அவருக்குக் கொடுக்கப்போகிற சம்பளம்.

இதை 'உபரி'ன்னு சொல்லுவோம். டிரேடுல நிஜமா கை மாறுறது இந்த உபரிதான்.

கேஸ் 1: ஜீசஸ் மான்டேரோ, வித்தது சரி

நியூயார்க் யாங்கீஸ் டீமோட கேட்சர் மான்டேரோ. வெனிசுவேலாக்காரர். 2011 செப்டம்பர்ல மேஜர் லீகுக்கு வந்தார். 18 மேட்ச்ல 0.328 பேட்டிங் சராசரி, 4 ஹோம் ரன். ரசிகர்கள் கொண்டாடினாங்க. 2012 ஜனவரியில யாங்கீஸ் அவரை சியாட்டில் மாரினர்ஸுக்குக் கொடுத்துட்டு, மைக்கேல் பினேடாங்கிற இளம் பிட்சரை வாங்கினாங்க. ரெண்டு பக்கமும் இன்னும் சில வீரர்கள் கை மாறினாங்க.

மான்டேரோ பேட்டிங்ல கில்லாடி. ஆனா பிடிக்கிற வேலையில அவரால நிலைக்க முடியுமான்னு பல வருஷமா சந்தேகம் இருந்துச்சு. உருவம் பெருசு, அசைவு மெதுவு. சியாட்டில்ல முதல் வருஷம் 15 ஹோம் ரன் அடிச்சார். 2013லயே அவரை கேட்சர் வேலையிலிருந்து எடுத்துட்டு ஃபர்ஸ்ட் பேஸுக்கு மாத்தினாங்க. அந்த இடத்துக்கு இதைவிடப் பெரிய பேட்டிங் தேவை. அதே வருஷம் ஊக்கமருந்து விவகாரத்துல 50 மேட்ச் தடையும் வந்துச்சு.

கேஸ் 2: வில்லியம் கான்ட்ரேராஸ், விட்டது நஷ்டம்

2022ல அட்லாண்டா பிரேவ்ஸ் டீம்ல கான்ட்ரேராஸ் 97 மேட்ச்ல 20 ஹோம் ரன் அடிச்சார். ஆல் ஸ்டார் மேட்ச்ல இறங்கினார். இன்னும் அஞ்சு வருஷம் டீம் கட்டுப்பாடு பாக்கி. குறை என்ன? மான்டேரோ மாதிரியே, பிடிக்கிற வேலையில நல்ல பேரு இல்ல.

2022 டிசம்பர் 12ஆம் தேதி மூணு டீம் சேர்ந்து ஒரு டிரேட். ஓக்லண்ட் டீமோட ஷான் மர்ஃபி அட்லாண்டாவுக்கு. கான்ட்ரேராஸ் மில்வாக்கி ப்ரூவர்ஸுக்கு. மில்வாக்கி கொடுத்தது எஸ்டூரி ரூயிஸ்ங்கிற இளம் வீரரை மட்டும்.

மர்ஃபி 28 வயசு, 2021ல கோல்டு குளோவ் வாங்கின, நிரூபிச்ச கேட்சர். ரெண்டு வாரத்துல அவரோட 6 வருஷம், 7.3 கோடி டாலர்னு ஒப்பந்தம் போட்டாங்க. அட்லாண்டா செஞ்சது என்ன? ஏறி இறங்கக்கூடிய ஒரு ஷேரை வித்துட்டு, நிச்சயமா தெரிஞ்ச ஒரு எஃப்.டி.யை வாங்கின மாதிரி. கேட்க நல்லாத்தான் இருக்கு.

அப்புறம் நடந்தது: மில்வாக்கியில கான்ட்ரேராஸோட ஃபிரேமிங் ஒரே வருஷத்துல சராசரிக்கு மேல போச்சு. 2023லயும் 2024லயும் சில்வர் ஸ்லக்கர் விருது. 2024ல 155 மேட்ச், 23 ஹோம் ரன், எம்.வி.பி. ஓட்டெடுப்புல அஞ்சாவது இடம். மர்ஃபி 2023ல ஆல் ஸ்டார் ஆனார். ஆனா 2024ல முதல் மேட்ச்லயே விலாப் பக்கத் தசையில காயம். அந்த சீசன்ல 72 மேட்ச்தான், சராசரி 0.193.

ஒரே குறை, ரெண்டு முடிவு. ஏன்?

புத்தகப் படிப்பை ஓரமா வெச்சுட்டு ஒரு சின்னக் கணக்கு போடுவோம். கீழே இருக்கிற எண்கள் விளக்கத்துக்காக நானே எடுத்துக்கிட்டவை. எல்லாம் மில்லியன் டாலர்ல.

இளம் கேட்சர், 5 வருஷம் பாக்கி. இப்ப இருக்கிற நிலையில வருஷத்துக்கு 9 மதிப்பு, மொத்தம் 45. சம்பளம் 0.7, 0.7, 3, 5, 8, மொத்தம் 17.4. உபரி 27.6.

அதே ஆளோட குறை சரியாயிடுச்சுன்னா வருஷத்துக்கு 17, மொத்தம் 85. சம்பளம் அதேதான். உபரி 67.6.

நிரூபிச்ச கேட்சர், 3 வருஷம் பாக்கி. வருஷத்துக்கு 22, மொத்தம் 66. சம்பளம் 4, 8, 12, மொத்தம் 24. உபரி 42.

இப்ப பாருங்க. குறை சரியாகாதுன்னா 27.6ஐக் கொடுத்து 42 வாங்குறது லாபம். சரியாகும்னா 67.6ஐக் கொடுத்து 42 வாங்குறது பெரிய நஷ்டம். நடுவுல எங்க கோடு விழுது? 36 சதவீதம். குறை சரியாக 36 சதவீதத்துக்கு மேல வாய்ப்பு இருந்தா வெச்சுக்கணும், கீழன்னா கொடுத்துடணும். அஞ்சு வருஷம் கழிச்சு வர்ற பணத்துக்கு இன்னிக்கு மதிப்பு கம்மி. அதையும் சேர்த்தா கோடு இன்னும் கொஞ்சம் மேல போகும்.

அடுத்ததுதான் முக்கியம். அந்த வாய்ப்பு எல்லா டீமுக்கும் ஒண்ணு இல்ல. ஒரு டீம் "20 சதவீதம்தான்"னு நினைச்சா, அவங்களுக்கு இவர் மதிப்பு 35.6. இன்னொரு டீம்கிட்ட நல்ல கோச் இருந்து "60 சதவீதம்"னு நினைச்சா, 51.6. ஒரே ஆள், ரெண்டு விலை. விக்கிறவரும் முட்டாள் இல்ல, வாங்குறவரும் முட்டாள் இல்ல.

மில்வாக்கி அப்படி நினைக்கக் காரணம் இருந்துச்சு. 2019 டிசம்பர்ல ஓமர் நார்வாயெஸ்ங்கிற கேட்சரை வாங்கியிருந்தாங்க. ஃபிரேமிங்ல மோசமானவங்க வரிசையில இருந்தவர், அடுத்த சீசன்லயே நல்லவங்க வரிசைக்கு வந்துட்டார். அதாவது இந்தக் குறையை எப்படிச் சரி பண்றதுன்னு அவங்களுக்கு ஏற்கெனவே தெரியும். மான்டேரோ விஷயத்துல அப்படி ஒரு வழி யாருக்கும் கிடைக்கல.

ரிசல்ட்டை வெச்சு முடிவை அளக்காதீங்க

யாங்கீஸ் வாங்கின பினேடாவுக்கு என்ன ஆச்சு தெரியுமா? 2012 மே மாசம் தோள்பட்டையில ஆபரேஷன். 2012, 2013 ரெண்டு சீசன்லயும் யாங்கீஸுக்காக ஒரு பந்துகூட எறியல. "டிரேடே வேஸ்ட்"னு எழுதினவங்க நிறைய பேர். ஆனா மான்டேரோவை வித்த முடிவு சரியான முடிவுதான். காயம் தனி விஷயம்.

அதே நியாயத்தை அட்லாண்டாவுக்கும் கொடுக்கணும். மர்ஃபியோட காயம் அவங்க தப்பு இல்ல. கான்ட்ரேராஸோட குறை சரியாகக்கூடியதுன்னு குறைச்சு மதிப்பிட்டதுதான் தப்பு. அதிர்ஷ்டத்தையும் தீர்மானத்தையும் தனித்தனி கணக்குல எழுதுங்க.

ஒரு சி.ஏ.வா எனக்குப் பிடிச்ச விஷயம்

அமெரிக்காவுல 2017 வரிச் சட்டம், பொருளுக்குப் பொருள் மாத்திக்கிட்டா உடனே வரி இல்லைங்கிற சலுகையை நிலம், கட்டடத்துக்கு மட்டும்னு சுருக்கிடுச்சு. உடனே ஒரு சிக்கல்: வீரர்களை மாத்திக்கிட்டா, அதுல லாபம்னு வரி கட்டணுமா? ஒரு கேட்சரோட ஒப்பந்தத்துக்கு என்ன விலைன்னு எழுதுறது? கடைசியில 2019 ஏப்ரல்ல அவங்க வருமான வரித் துறை ஒரு வழிமுறை கொடுத்துச்சு. விதிகளைக் கடைப்பிடிச்சா, ஒப்பந்தத்தோட மதிப்பை பூஜ்யம்னு வெச்சுக்கலாம்!

நமக்கு அந்த அதிர்ஷ்டம் இல்ல. பட்டியலிட்ட ஷேரை 12 மாசத்துக்குள்ள வித்தா லாபத்துக்கு 20 சதவீதம் வரி. அதுக்கு மேல வெச்சிருந்து வித்தா, வருஷத்துக்கு 1.25 லட்சம் லாபம் வரைக்கும் வரி இல்ல, மீதிக்கு 12.5 சதவீதம். அதனால ஒண்ணை வித்து இன்னொண்ணு வாங்குறப்போ, புதுசு பழசைவிட கொஞ்சம் நல்லா இருந்தா மட்டும் போதாது. வரியையும் தாண்டி நல்லா இருக்கணும்.

உங்க கையில இருக்கிறதுக்கு நாலு கேள்வி

1. வாங்கின விலையை மறந்துட்டு, இன்னிக்கு கையில காசு இருந்தா இதை இதே விலைக்கு வாங்குவேனா?

2. இதுல இருக்கிற குறை என்ன? ஒரு வரியில எழுத முடியணும். விலை இறங்கினது குறை இல்ல. கடன் அதிகம், லாபம் சுருங்குது, பொருளுக்கே கிராக்கி இல்ல, இதெல்லாம் குறை.

3. அந்தக் குறை சரியாகுமா? யார் சரி பண்ணப் போறாங்க? வர்ற பணத்துல கடனை அடைச்சுக்கிட்டே வர்ற கம்பெனி கான்ட்ரேராஸ். தொழிலே காலாவதி ஆகிட்ட கம்பெனி மான்டேரோ.

4. பதிலுக்கு நான் வாங்கப்போறது, வரி போக, நிஜமா இதைவிட மேலா?

நானே இதுல மாட்டினவன். என் முதல் வேலையில கிடைச்ச கம்பெனி ஷேரை, "சோறு போட்ட கம்பெனி"ன்னு வெச்சிருந்தேன். அவங்க தொழில் சுருங்குறது அக்கவுன்ட்ஸ் பாக்குற எனக்கே தெரியும். "பழைய விலைக்கு வரட்டும், வித்துடறேன்"னு நாலு வருஷம் காத்திருந்தேன். வரல. பாதிக்கும் கம்மியா வித்தேன். மூணாவது கேள்வியை மட்டும் நேர்மையா கேட்டிருந்தா முதல் வருஷமே வெளிய வந்திருப்பேன்.

கடைசியா, நீங்க யாரு?

இவ்வளவு நேரம் உங்களை டீம் ஓனரா யோசிக்க வெச்சேன். ஆனா மாசச் சம்பளம் வாங்குற நாம, வேலையைப் பொறுத்தவரைக்கும் அந்த இளம் கேட்சர்தான். ஆரம்ப வருஷங்களில் நம்ம மதிப்பைவிட சம்பளம் கம்மி. அந்த உபரி கம்பெனிக்குப் போகுது.

கான்ட்ரேராஸுக்கு 2023ல சம்பளம் பெருசா ஏறல. குறையைச் சரி பண்ணத் தெரிஞ்ச இடம் கிடைச்சது. அந்த ஒரு வருஷம் அவரோட அடுத்த பத்து வருஷ விலையை மாத்திடுச்சு. அவரால டீமைத் தேர்ந்தெடுக்க முடியல, மத்தவங்க அனுப்பி வெச்சாங்க. உங்களால முடியும். அடுத்த ஆஃபர் லெட்டர் வரும்போது 15 சதவீத ஹைக்கை மட்டும் பார்க்காதீங்க. "என்னோட குறையை இங்க யார் சரி பண்ணுவாங்க?"ன்னும் ஒரு தடவை கேளுங்க.

அட்லாண்டா கதை இன்னும் முடியல. 2025ல அவங்க டீம்லயே டிரேக் பால்ட்வின்ங்கிற புது இளம் கேட்சர் வந்து, நேஷனல் லீகோட சிறந்த புதுமுகம் விருதை வாங்கிட்டார். மர்ஃபியோட ஒப்பந்தம் 2028 வரைக்கும் இருக்கு. அதே கேள்வி மறுபடியும் அவங்க மேசை மேல: யாரை வெச்சுக்கிறது, யாரைக் கொடுக்கிறது? நாலு கேள்வியையும் வெச்சு நீங்களே கணக்கு போட்டுப் பாருங்க. உங்க பதிலைக் காரணத்தோட கமெண்ட்ல எழுதுங்க, படிச்சுட்டு பதில் போடறேன்.

இது கத்துக்கிறதுக்கான பதிவு மட்டும்தான். எந்த ஷேரையும் வாங்கச் சொல்லியோ விக்கச் சொல்லியோ எழுதினது இல்ல. அடுத்த பதிவுல சந்திப்போம்!