ஜவ்வரிசி ஆலைக் கழிவுநீரில் எரிவாயு

சேலம், நாமக்கல், தருமபுரி மாவட்டங்களில் மரவள்ளிக்கிழங்கு பயிரிடும் விவசாயிகள் பலரும் ஜவ்வரிசி ஆலைகளை நம்பியுள்ளனர். ஆனால் ஆலைக் கழிவுநீர் வயலிலோ கிணற்றிலோ கலந்தால் நஷ்டமும் அவர்களுக்கே. இக்கழிவுநீரைக் குறைந்த செலவில் சுத்தம் செய்து, அதிலிருந்தே எரிபொருளும் பெறலாம்.

கழிவுநீரின் தன்மை

கிழங்கை அரைத்துப் பிழிந்த பாலைத் தெளிய வைத்ததும் மாவு அடியில் தங்கும். மேலே நிற்கும் நீர் வெளியேற்றப்படுகிறது. இதில் மாவுத்துகளும் சர்க்கரைப் பொருள்களும் இருப்பதால் விரைவில் புளித்து நாற்றமெடுக்கும். இந்நீர் வயலில் தேங்கினால், அழுகும் பொருள்கள் மண்ணிலுள்ள பிராணவாயுவை எடுத்துக் கொள்ளும். வேர் மூச்சு விட முடியாமல் பயிர் வாடும்.

இரு முறைகள்

காற்றை ஊதிச் சுத்தம் செய்வது ஒரு முறை. இதற்கு மோட்டார் இரவும் பகலும் ஓட வேண்டும். மின்சாரச் செலவு அதிகம். சேறும் நிறையச் சேரும்.

மற்றொரு முறையில், காற்றுப் புகாத மூடிய தொட்டியில் நுண்ணுயிர்கள் கழிவைத் தின்று எரிவாயுவாக மாற்றுகின்றன. சாண எரிவாயுக் கலத்தில் நடப்பதும் இதுவே. காற்று ஊதும் மின்சாரம் மிச்சம், சேறும் குறைவு. நம் வெப்பநிலை இதற்கு ஏற்றது.

வரவு என்ன?

உதாரணமாக, ஓர் ஆலை நாளொன்றுக்கு 1 லட்சம் லிட்டர் கழிவுநீர் விடுவதாகக் கொள்வோம். அதிலுள்ள கழிவு, லிட்டருக்கு 4 கிராம் பிராணவாயுவை உறிஞ்சக்கூடியது என்றால், மொத்தம் 400 கிலோ. இதில் 5-ல் 4 பங்கு நீங்கினால் சுமார் 160 கன மீட்டர் எரிவாயு கிடைக்கும். இது 90 லிட்டருக்கும் அதிகமான மண்ணெண்ணெய்க்குச் சமம். இதே கழிவைக் காற்று ஊதி நீக்க 300 யூனிட் வரை மின்சாரம் தேவைப்படலாம்.

கவனிக்க வேண்டியவை

* தொடக்கத்தில் சாணக் கரைசலை விட்டு நுண்ணுயிர்களைப் பெருக்க வேண்டும். கழிவுநீரைச் சிறிது சிறிதாகவே கூட்ட வேண்டும். தொட்டி சீராக இயங்கச் சில மாதங்கள் ஆகலாம்.

* தொட்டியில் புளிப்பு மிகுந்தால் வாயு நின்றுவிடும். கார அமில நிலை 7-ஐ ஒட்டி இருக்க வேண்டும். தேவையானால் சுண்ணாம்பு சேர்க்கலாம்.

* தொட்டியருகே பீடி, நெருப்பு கூடாது. விஷவாயு இருக்குமாதலால் உள்ளே இறங்கக் கூடாது.

வயலுக்கு விடுமுன்

தொட்டியிலிருந்து வரும் நீரை அப்படியே பாய்ச்சக் கூடாது. அடுத்த குட்டையில் காற்றோட்டத்தில் விட்டுத் தெளிய வைக்க வேண்டும். இம்முறை அழுகும் கழிவைக் குறைக்குமே தவிர, கரைந்த உப்பை நீக்காது. எனவே நீரைப் பரிசோதனை நிலையத்தில் காட்டி, கார அமில நிலையும் உப்பின் அளவும் பயிருக்கு ஏற்றவையா என்று அறிந்த பின்னரே பாய்ச்ச வேண்டும். ஆலையை அடுத்த கிணற்று நீரையும் ஆண்டுதோறும் சோதிப்பது நல்லது.

சிறிய ஆலைகள் தனித்தனியே தொட்டி கட்ட இயலாவிடில், அருகருகே உள்ளவை கூட்டாக அமைக்கலாம். வீணாக ஓடும் நீர் அடுப்புக்கு எரிபொருளாகும். அக்கம்பக்கத்து நிலமும் கிணறும் தப்பும்.