ஐம்பத்திரண்டும் பாவன்னவும்

உலக மொழிகளில் தமிழ்தான் தர்க்கத்துக்கு மிகவும் பொருந்தியது என்று நம்மவர் பெருமையாகச் சொல்வதுண்டு. சமஸ்கிருதத்துக்கும் அதே பெருமையைச் சொல்கிறார்கள். 1985-இல் ரிக் பிரிக்ஸ் என்பவர் செயற்கை நுண்ணறிவு பற்றிய அமெரிக்க இதழில் எழுதிய கட்டுரைக்குப் பிறகு அந்தப் பேச்சு வலுத்தது. ரயில்வேயில் அளவுகோலோடு காலம் தள்ளியவன் நான். எனக்குத் தெரிந்த சோதனை, எண்ணிப் பார்ப்பதுதான்.

தமிழில் 52 ஐம்பத்திரண்டு. ஐம்பது முன்னே, இரண்டு பின்னே. எழுதும் வரிசையே சொல்லும் வரிசை. மராத்தியில் 'பாவன்ன'. இரண்டு முன்னே வருகிறது, ஐம்பது பின்னே வருகிறது, இரண்டும் முகம் மாறி வருகின்றன. 25 'பஞ்சவீஸ்', 36 'சத்தீஸ்'. நூறு வரை ஏறக்குறைய ஒவ்வொன்றையும் தனித்தனியே மனப்பாடம் செய்தாக வேண்டும். இந்தியும் அப்படியே. பல மொழிக்காரர் கூடிய பணிமனையில் ஓர் எண்ணைச் சொல்லி எழுத வைக்கும்போது, நாங்கள் 'ஃபைவ், டூ' என்று இலக்கம் இலக்கமாகவே சொல்வோம்.

இது வெறும் ஆராய்ச்சி விஷயமல்ல. 2019-இல் மகாராஷ்டிரப் பாடநூல் நிறுவனமான பாலபாரதி, இரண்டாம் வகுப்புக் கணிதப் புத்தகத்தில் 'ஏகவீஸ்' என்பதோடு 'வீஸ் ஏக்' (இருபது ஒன்று) என்ற முறையையும் சேர்த்தது. கூட்டெழுத்து நிறைந்த பழைய சொற்கள் குழந்தைகளைத் திணறடிக்கின்றன என்பது காரணம். கணித அறிஞர் மங்களா நார்ளிகர் அதை ஆதரித்துப் பேசினார். மொழியைக் கெடுக்கிறார்கள் என்று எழுந்த கூச்சல் சட்டமன்றம் வரை போயிற்று. என்னைக் கேட்டால், புதிய முறை கணக்குக்கு நல்லது. ஆனால் தாராவிப் பிள்ளை காய்கறி வாங்கப் போனால் கடைக்காரர் 'பாவன்ன' என்றுதான் கேட்பார். இரண்டும் தெரிந்திருக்க வேண்டும்.

நாமும் ரொம்ப மார்தட்ட வேண்டாம். என் பேரன் எண்பத்தொன்பதுக்குப் பிறகு 'ஒன்பதுபது' என்றான். 'தொண்ணூறு' என்றேன். "தொண்ணூறுல ஏன் தாத்தா நூறு வருது?" என்றான். தொள்ளாயிரத்தில் ஆயிரம் வருவதை அவன் இன்னும் பார்க்கவில்லை! தொல்காப்பியர் இதற்கென்றே தனிப் புணர்ச்சி விதி வகுத்திருக்கிறார். அந்தக் காலத்திலேயே இது விளக்கம் தேவைப்பட்ட விஷயம்தான். பிரெஞ்சிலோ 92 என்பது நான்கு இருபதும் பன்னிரண்டும். அதனால் அந்த நாட்டில் கணித மேதைகளுக்குப் பஞ்சம் வந்துவிடவில்லை.

பால் விஷயத்தில் தமிழ் தெளிவு. பொருளைப் பார்த்தே சொல்லிவிடலாம். 'புஸ்தக்' இந்தியில் பெண்பால், மராத்தியில் ஆணுமல்ல, பெண்ணுமல்ல. சமஸ்கிருதத்தில் மனைவியைக் குறிக்கும் 'தார' என்ற சொல் ஆண்பால், 'களத்ர' அலிப்பால்!

ஆனால் ஓரிடத்தில் மராத்தி நம் பக்கம் நிற்கிறது. 'நாம்', 'நாங்கள்' என்ற வேறுபாடு ஆங்கில 'வி'யில் இல்லை, இந்தி 'ஹம்'மில் இல்லை. மராத்தியில் உண்டு: ஆபண், ஆம்ஹீ. பிள்ளைகளுக்கு இதை முதலில் சொல்லிக்கொடுங்கள், சட்டென்று பிடித்துக்கொள்வார்கள். பக்கத்து வீட்டுக்காரர் 'ஆபண் ஜாஊயா' என்றால் நாமும் செருப்பை மாட்டிக்கொள்ளலாம். 'ஆம்ஹீ ஜாதோ' என்றால், அவர்கள் மட்டும் போகிறார்கள்.