இடித்துரைக்கும் நட்பு

மும்பையின் மாட்டுங்கா, செம்பூர், தாராவி ஆகிய பகுதிகளில் தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறைகளாக வாழ்ந்து வருகின்றன. மாலை வேளையில் வீட்டின் ஒரு மூலையில் பாட்டி பஜனைப் பாடலை முணுமுணுத்துக் கொண்டிருப்பாள். மற்றொரு மூலையில் பேரன் காதில் கருவியைப் பொருத்திக்கொண்டு வேறோர் இசையில் மூழ்கியிருப்பான். பெரியவர்களுக்கு அது வெறும் இரைச்சல். தாராவியிலோ 2010-களில் இளைஞர்கள் தாங்களே ராப் பாடல்களை இயற்றிப் பாடத் தொடங்கினர். 7பண்டாய்ஸ் குழுவினர் தமிழையும் இந்தியையும் கலந்து பாடினர். டோப்பாடெலிக்ஸ் குழுவினரின் குரல் 2018-இல் வெளிவந்த ‘காலா’ திரைப்படத்தின் வழியாகத் தமிழகத்தையும் எட்டியது.

தந்தையிடமும் ஆசிரியரிடமும் சொல்ல முடியாததை இளைஞன் பாட்டில் சொல்லிவிடுகிறான். ஆகவே, இரைச்சல் என்று ஒதுக்குவதற்கு முன், அதற்குள் என்ன சொல்லப்படுகிறது என்று கேட்பது நலம். போதைப்பொருளுக்கு நண்பனைப் பறிகொடுத்த ஒருவர் எழுதிய அத்தகைய மேலைநாட்டுப் பாடல் ஒன்று இங்கே சிந்தனைக்கு எடுத்துக்கொள்ளப்படுகிறது. பாடியவர்கள் அமெரிக்கர்கள். ஆயினும் அதன் உட்பொருள் தமிழருக்குப் புதியதன்று.

ஒரு மரணமும் ஒரு பாடலும்

லாஸ் ஏஞ்சலஸ் நகரத்தில் ஒரே பள்ளியில் படித்த நண்பர்கள் சேர்ந்து 1983-இல் ஓர் இசைக்குழுவைத் தொடங்கினர். அதுவே பின்னர் ‘ரெட் ஹாட் சில்லி பெப்பர்ஸ்’ என்று உலகப் புகழ் பெற்றது. பாடகர் ஆன்டனி கீடிஸ். கிதார் வாசித்தவர் ஹில்லெல் ஸ்லோவாக். இருவரும் பள்ளிக்கால நண்பர்கள். இருவரும் ஹெராயினுக்கு அடிமையானவர்கள். 1988-இல் ஐரோப்பியப் பயணத்திற்கு முன் இருவரும் அதை விட்டுவிடுவதென முடிவு செய்தனர். பயணம் முடிந்து ஊர் திரும்பிய சிறிது காலத்திலேயே, அதே ஆண்டு ஜூன் மாதத்தில், ஹில்லெல் அளவுமீறிய போதையால் தன் வீட்டில் தனிமையில் இறந்தார். அப்போது அவருக்கு வயது 26.

நண்பனின் இறுதிச் சடங்குக்குக்கூட கீடிஸ் போகவில்லை. துயரத்தைத் தாங்க இயலாமல் மெக்சிகோ நாட்டின் ஒரு சிற்றூருக்கு ஓடிவிட்டார். பின்னர் சிகிச்சை பெற்றார். நண்பனின் கல்லறைக்குச் சென்றார். அங்கே அவர் மனம் உறுதிப்பட்டது. குழுவின் மற்றொரு நண்பரான ஜாக் ஐயன்ஸ், நண்பர்கள் செத்துக்கொண்டிருக்கும் இடத்தில் தம்மால் இருக்க இயலாது என்று விலகினார். அடுத்த ஆண்டு, 1989-இல், ‘நாக் மீ டவுன்’ என்ற பாடல் வெளிவந்தது. ‘என்னை அடித்து வீழ்த்து’ என்பது அத்தலைப்பின் பொருள்.

நண்பனை இழந்தவர் பாடும் பாட்டு புலம்பலாக இருக்கும் என்றே எவரும் எதிர்பார்ப்பர். இதுவோ ஒரு வேண்டுகோள். புகழினாலோ போதையினாலோ தன் தலை கனத்துப்போவதைக் கண்டால், தயங்காமல் தன்னைத் தட்டிக் கீழே இறக்கும்படி பாடகர் தம் நண்பர்களைக் கேட்கிறார். தன்னைத் தானே அறியாதவன் படும் தனிமையையும் பாடல் சுட்டுகிறது. இறந்தவனுக்குச் சொல்லத் தவறியதை, இருப்பவர்கள் தனக்குச் சொல்லவேண்டும் என்று கேட்பதே அதன் உயிர்நாடி.

வள்ளுவரின் ஒரு வினைச்சொல்

திருக்குறளின் 79-ஆம் அதிகாரம் நட்பைப் பற்றியது. கூடிச் சிரிப்பதற்காக நட்புச் செய்வதில்லை என்றும், நண்பன் எல்லை கடக்கும்போது முந்திச்சென்று கண்டிப்பதற்காகவே நட்பு என்றும் வள்ளுவர் அங்கே கூறுகிறார். கண்டித்தலுக்கு அவர் ஆளும் சொல் ‘இடித்தல்’. மோதுவதும் இடிதான், வானத்தில் முழங்குவதும் இடிதான், நண்பனுக்கு உறைக்குமாறு சொல்வதும் இடிதான். அமெரிக்கப் பாடகர் கேட்டதும் அதே இடியைத்தான். அவர் குறளைப் படித்திருக்க வேண்டியதில்லை. இழப்பு அவருக்கு அதைக் கற்பித்தது.

பெரியாரைத் துணைக்கோடல் என்னும் அதிகாரத்தில் வள்ளுவர் இன்னும் ஒரு படி மேலே போகிறார். கண்டிப்பவர் இல்லாத அரசனைக் கெடுக்கப் பகைவன் எவனும் வேண்டியதில்லை, அவன் தானாகவே அழிவான் என்பது அவர் கருத்து. புகழ் பெற்ற கலைஞனைச் சுற்றி நிற்பவர்கள் பெரும்பாலும் தலையாட்டுபவர்களே. அவனால் பிழைப்பவன் அவனை இடிப்பதில்லை.

மகாபாரதத்தில் கர்ணனின் நிலையும் அதுவே. தன்னை உயர்த்திய துரியோதனனிடம் அவனுக்கு இருந்த நன்றியுணர்வு உண்மையானது. ஆனால் அந்த நன்றி, நண்பனின் அதர்மத்திற்குத் துணை போயிற்று. நண்பனுக்காக உயிரைக் கொடுக்கத் துணிந்தவன், நண்பனைத் தடுக்கத் துணியவில்லை.

வீழ்ச்சியின் படிகள்

ஒருவன் எப்படி வீழ்கிறான் என்பதைக் கீதையின் இரண்டாம் அத்தியாயம் (62, 63) படிப்படியாக விளக்குகிறது. பொருளை ஓயாமல் நினைப்பதால் பற்று, பற்றினால் ஆசை, ஆசை தடைப்படும்போது சினம், சினத்தால் மயக்கம், மயக்கத்தால் நினைவின் குழப்பம், அதனால் புத்தியின் அழிவு, முடிவில் முழு நாசம்.

இப்படிகளுள் நினைவின் குழப்பம் இங்கே சிறப்பாகக் கவனிக்கத்தக்கது. போதைக்கு அடிமையானவனுக்கு நினைவே இல்லாமல் போவதில்லை. முதல் நாள் பெற்ற இன்பம் தெளிவாக நினைவிருக்கும்; அதன்பின் பட்ட துன்பமும், தாயின் கண்ணீரும், தான் செய்த சத்தியமும் வேண்டிய நேரத்தில் நினைவுக்கு வாரா. இன்றைய மருத்துவமும் இதை ஒழுக்கக்கேடு என்று ஒதுக்காமல், மூளையின் இயக்கத்தையே மாற்றிவிடும் நோய் என்று கொள்கிறது. நோயாளியின் நினைவு பிறழும்போது அவனுக்காக நினைவு வைத்திருப்பவன் ஒருவன் வேண்டும். அவனே நண்பன்.

இங்கே ஓர் ஐயம் எழலாம். தன்னைத் தானே உயர்த்திக்கொள்ள வேண்டும், தனக்குத் தானே நண்பன், தனக்குத் தானே பகைவன் என்று கீதையின் ஆறாம் அத்தியாயம் கூறுகிறதே. அப்படியானால் பிறன் ஒருவன் செய்யக்கூடியது என்ன? நண்பன் மற்றவனுக்காக நடக்க முடியாது என்பது உண்மையே. ஆனால் கண்ணாடியை ஏந்தி நிற்க முடியும். அக்கண்ணாடியைப் பார்க்கச் சம்மதிப்பதே தன்னை உயர்த்திக்கொள்ளும் முதல் முயற்சி. அப்பாடகர் செய்தது அதுதான். தெளிவான நேரத்தில், தெளிவிழந்த நாளுக்காக, தன்னைக் கண்டிக்கும் உரிமையை நண்பர்களிடம் ஒப்படைத்தார்.

தேரை விட்டு இறங்காத தோழன்

அர்ஜுனன் வில்லை நழுவவிட்டு அமர்ந்தபோது, அவனுடைய தோழனாகிய கண்ணன் முதலில் சொன்னது ஆறுதல் மொழியன்று. பேடித்தனத்துக்கு இடம் கொடாதே என்னும் கடிந்துரை. விரிவான உபதேசமோ அப்போது தொடங்கவில்லை. ‘நான் உன் சீடன், எனக்கு வழிகாட்டு’ என்னும் கருத்துப்பட அர்ஜுனன் வேண்டிய பின்னரே தொடங்கியது. உபதேசத்தின் முடிவிலும், ஆராய்ந்து விருப்பப்படி செய் என்று கண்ணன் முடிவை அவனிடமே விட்டான்.

இந்த வரிசையில் மூன்று பாடங்கள் உள்ளன. ஒன்று, கண்டிப்பு நட்புக்கு மாறானதன்று. இரண்டு, கேட்பவன் மனம் திறக்கும் வரை நீண்ட போதனை பயன் தராது. மூன்று, கண்டித்தவன் தேரை விட்டு இறங்கிப் போய்விடவில்லை. குதிரைகளின் கடிவாளம் கடைசிவரை அவன் கையிலேயே இருந்தது. இடித்துவிட்டு விலகுவது எளிது. இடித்தபின் உடன் இருப்பதே நட்பு.

பாடல் மட்டும் போதுமா?

உள்ளத்தை உருக்கிய பாடல், பாடியவரையே காக்கவில்லை. ஐந்து ஆண்டுகளுக்கு மேல் போதையின்றி வாழ்ந்த கீடிஸ், 1994-இல் பல் சிகிச்சையின்போது தரப்பட்ட மயக்க மருந்தின் வழியாக மீண்டும் வீழ்ந்தார். பலமுறை விழுந்தெழுந்து, 2000-ஆம் ஆண்டு டிசம்பரில்தான் நிலையாக விடுபட்டார். ஹில்லெலின் இடத்துக்கு 18 வயதில் வந்து, அப்பாடலில் சேர்ந்து பாடிய ஜான் ஃப்ருஷான்டே 1992-இல் குழுவை விட்டு விலகி, அதே ஹெராயினால் மரணத்தின் விளிம்புவரை சென்றார். 1998-இல் சிகிச்சை பெற்று மீண்டவரைக் குழுவின் மற்றொரு நண்பரான ஃப்ளீ தேடிச்சென்று மீண்டும் இசைக்கு அழைத்தார்.

எனவே, உணர்ச்சி வேறு, சாதனை வேறு. கல்லறை முன் எடுத்த உறுதி உண்மையானது; ஆயினும் அது நாள்தோறும் புதுப்பிக்கப்பட வேண்டியது. இடைவிடாத பயிற்சியும் பற்றின்மையும் சேர்ந்தே மனத்தை வசப்படுத்தும் என்னும் கீதையின் அறிவுரை இங்கும் பொருந்தும். மறுபடி வீழ்ந்தவனைப் பொய்யன் என்று தள்ளிவிடாமல், மறுபடி எழுப்பும் பொறுமையே நண்பனின் அப்பியாசம்.

மும்பை கற்ற பாடம்

கலைஞர்களை மட்டும் தாக்கிய நோயன்று இது. 1980-களின் தொடக்கத்தில் ‘பிரவுன் சுகர்’ எனப்படும் ஹெராயின் பம்பாய்த் தெருக்களில் பரவியது. செல்வர் வீட்டுப் பிள்ளைகளும், நடைபாதையில் உறங்குபவர்களும் அதற்கு இரையாயினர். போதைப்பொருள் தடுப்புக்கான மத்தியச் சட்டம் 1985-இல் வந்தது. அதற்கு முன்னரே, 1981-இல், தாமே மதுப்பழக்கத்திலிருந்து மீண்ட பாதிரியார் ஜோ பெரைரா, பாந்திராவில் ‘கிருபா’ என்னும் அமைப்பைத் தொடங்கினார். யோகாசாரியர் பி.கே.எஸ். ஐயங்காரின் மாணவரான அவர், அங்கு வந்தவர்களுக்கு யோகப் பயிற்சியும் அளித்தார். சென்னையில், கணவரை மதுவுக்குப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன், கணவர் பெயராலேயே 1980-இல் டி.டி. ரங்கநாதன் மருத்துவ ஆராய்ச்சி அறக்கட்டளையை நிறுவினார். ஒருவரின் இழப்பு பாடலாயிற்று. மற்றொருவரின் இழப்பு மருத்துவப் பணியாயிற்று.

2019-இல் வெளியான தேசிய ஆய்வு, இந்தியாவில் சுமார் 2.26 கோடிப் பேர் அபின் வகைப் போதைப்பொருள்களைப் பயன்படுத்துவதாகக் கணித்தது. எந்தக் குடியிருப்பும், எந்தக் கல்லூரியும் இதற்கு விலக்காக இருக்க இயலாது.

நண்பன் செய்யத்தக்கவை

இடித்துரைப்பதற்கும் ஒரு முறை உண்டு. போதையில் இருக்கும்போது பேசுவதில் பயனில்லை. தெளிந்த வேளையில், தனிமையில் பேசவேண்டும். ஆளைப் பழிக்காமல், கண்ட செயலைச் சொல்லவேண்டும். ‘நீ கெட்டவன்’ என்பது இகழ்ச்சி. ‘மூன்று நாட்களாக நீ வேலைக்குப் போகவில்லை, எனக்குப் பயமாக இருக்கிறது’ என்பது இடித்துரை. நண்பனின் பழக்கத்தை மறைக்கப் பொய் சொல்வதும், கேட்டபோதெல்லாம் பணம் தருவதும் அன்பு போலத் தோன்றினும், அவை கர்ணனின் நட்பே.

சிகிச்சைக்குத் துணையாக உடன் செல்லவேண்டும். மத்திய அரசின் 14446 என்னும் கட்டணமில்லாத் தொலைபேசி எண்ணில் ஆலோசனை பெறலாம். மருத்துவர் தரும் மாற்று மருந்துகளை ‘இதுவும் ஒரு போதைதானே’ என்று தடுக்கலாகாது; அவை உயிர் காப்பவை.

ஒன்றை அனைவரும் அறிந்திருக்க வேண்டும். சில வாரங்கள் விட்டிருந்தவனின் உடல் பழைய அளவைத் தாங்காது. மீண்டும் அதே அளவை எடுத்தால் மரணம் நேரலாம். எழுப்பியும் எழாமை, மூச்சு மிக மெதுவாதல், உதடுகள் நீலமாதல், கண்ணின் பாவை ஊசிமுனைபோல் சுருங்குதல் ஆகியவை அபாய அறிகுறிகள். அப்போது ‘தூங்கட்டும்’ என்று விடாமல், உடனே 108-ஐ அழைத்து, மூச்சு இருந்தால் பக்கவாட்டில் படுக்கவைத்து, எடுத்த பொருள் எதுவென்று மருத்துவரிடம் மறைக்காமல் கூறவேண்டும். அதன் வேகத்தை முறிக்கும் நலாக்ஸோன் என்னும் மருந்து உண்டு. உதவி வரும்வரை தனியே விட்டுப் போகலாகாது. ஹில்லெல் இறந்தபோது அருகில் எவரும் இல்லை.

பேரன் கேட்கும் பாட்டை ஒருநாள் பாட்டியும் பொருள் கேட்டு அறிந்தால், அவ்வீட்டில் ஒரு கதவு திறக்கும். ‘நான் வழி தவறினால் என்னைத் தட்டிக் கேள்’ என்று ஒருவன் சொல்வதற்குப் பணிவு வேண்டும். அவ்வாறே தட்டிக் கேட்பதற்கு அன்பு வேண்டும். இவ்விரண்டும் கூடிய இடத்தில், காலம் கடந்து பாடப்படும் இரங்கற்பாட்டுக்குத் தேவை இராது.

சிந்தனைக்கு

1. கண்டித்தலுக்கும் இகழ்தலுக்கும் உள்ள வேறுபாடு யாது?

2. கர்ணனின் நட்பும் கண்ணனின் நட்பும் எவ்வகையில் வேறுபடுகின்றன?

3. தன்னைத் தானே உயர்த்திக்கொள்ள வேண்டும் என்னும் கீதையின் போதனையும், நண்பனின் துணையை நாடுவதும் எவ்வாறு பொருந்துகின்றன?

4. தன்னை இடித்துரைக்கும் உரிமையை ஒவ்வொருவரும் யாரிடம் கொடுத்திருக்கிறார்கள்? எவரிடமும் கொடுக்கவில்லையெனில், அதற்குக் காரணம் யாது?